மூன்றாம் முகப்பில் ஒரு வினைச்சொல்

சௌராஸ்தா சந்தை மாடியில்
பழைய கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது.
ஆறு வெள்ளி.
முன்பு வைத்திருந்தவர் குருமடத்துப் பையனாயிருக்க வேண்டும்.
நாற்பது பக்கம் வரை பென்சில் கோடுகள்,
ஒழுங்கில்லாத வினைகள் தொடங்கும் இடத்தில்
கோடு நின்றுவிட்டது.

பட்டர்வொர்த் படகில் எனக்குப் பதினைந்து நிமிடம்.
போகையில் ஒரு வினை, வருகையில் ஒன்று.

முதலில் எளிதாகத்தான் இருந்தது.
சொல்லுக்கு முன்னால் ஓர் எகரம் ஒட்டியிருந்தால்
அது இறந்தகாலம் போட்டுக்கொண்ட தொப்பி.
கழற்று.
எலபொன். கழற்றினால் லப்,
லம்பனோவின் பிள்ளை: எடுத்தேன்.
சில சொற்கள் தொப்பியை விழுங்கிவிடும்.
முதல் உயிர் கொஞ்சம் நீண்டிருக்கும், அவ்வளவுதான் தடயம்,
அழுதவன் முகம் கழுவிக்கொண்டு
வந்து உட்கார்ந்ததைப் போல.

பிறகு ஃபெரோ வந்தது. சுமக்கிறேன்.
சுமப்பேன் என்றால் ஒய்சோ.
சுமந்தேன் என்றால் ஏனெங்கா.
வேரில் ஓர் எழுத்துக்கூடப் பொது இல்லை.
கழற்றத் தொப்பியும் இல்லை.
யாராவது சொன்னால்தான் உண்டு,
இந்த மூன்றும் ஒன்று என்று.

பக்கத்து முகப்புச் சியூ லெங் தமிழ் பழகுகிறாள்.
"அந்த அங்கிள் நேத்தே வாந்தார்" என்றாள்.
வந்தார், என்றேன்.
வா என்றால் வாந்தார்தானே, ஏன் வந்தார்?
முப்பத்தெட்டு வருடம் வாயில் வைத்திருந்தும்
எனக்குத் தோன்றாத கேள்வி.
ஏதென்சில் ஒரு மீன்காரியும்
ஏனெங்கா என்று சொல்லிவிட்டுக்
கூடையை இறக்கியிருப்பாள், யோசிக்காமல்.

புதன்கிழமை. எண் 3047.
பிளாஸ்டிக் பையைச் சுமந்துகொண்டு ஓர் அம்மா,
அறுபத்து நான்கு வயது.
சிவப்பு ஐசி நீலமாக வேண்டும்.

சூராட் பெரானாக்கில் குப்பாயி:
மூத்தவை மூன்றும் தங்கவில்லை,
எமன் கண்ணில் படாதிருக்கக்
குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர்.
பள்ளிப் பதிவில் கோமளா:
அப்படிக் கூப்பிட ஆசிரியைக்கு வாய் வரவில்லை.
மணப்பதிவில் வள்ளிக்கண்ணு:
மாமியாரும் கோமளாவாம்,
ஒரே வீட்டில் இரண்டு எதற்கு என்றார்களாம்.
நிபோங் திபாலுக்கு அப்பால் தோட்டம்,
இப்போது அங்கே இரண்டு மாடி வீடுகள்.
இவர்தான் அவர் என்று சொல்லக்கூடியவர்கள்
ஒவ்வொருவராகச் செத்துவிட்டார்கள்.

குப்பாயி, என்று வாசித்தேன்.
"ஆங்."
கோமளா.
"ஆங்."
வள்ளிக்கண்ணு.
"அதான் ஆங்குறேனே."

மேலதிகாரி என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.
மூன்று பெயர், மூன்று ஆள்.
திருப்பி அனுப்பு, என்றார்.

அன்று காலைதான் படகில் படித்திருந்தேன்.
பெய்சொமாய்: கீழ்ப்படிவேன்.
பெய்சொமாய்: துன்பப்படுவேன்.
இங்கே உருவம் ஒன்று, வினை இரண்டு.
எது என்று சொல்லை உரித்துப் பார்த்துத் தெரியாது,
பக்கத்தில் நிற்பதைப் பார்
என்கிறது அடிக்குறிப்பு.

பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப்புறம்,
பையின் காது அறுந்துவிட்டதால்
அதை அடியில் தாங்கிக்கொண்டு நின்றார்.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
ஓராங் யாங் சாமா.
ஒரே ஆள்தான்.
கீழே என் பெயர், பணி எண், தேதி.
சட்டத்தில் அதற்கு என்ன மதிப்போ.
மேலே போகும், திரும்பி வரும்,
ஒரு வருடம்கூட ஆகலாம்மா, என்றேன்.

காகிதங்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினார்.
"சரி, வரேம்மா" என்று
போனார்.

மாலைப் படகில் அடுத்த வினை எர்கொமாய்.
வருகிறேன், போகிறேன்,
இரண்டுக்கும் அது ஒன்றே.
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
நான் பென்சிலை எடுக்கவில்லை.